கட்டுமான மென்பொருள்களில் எது கரையும், எது நிற்கும்

கட்டுமானத் துறைக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்களைச் செயற்கை நுண்ணறிவு விழுங்கிவிடுமா என்ற கேள்வியை இப்போது பலரும் கேட்கிறார்கள். அந்த நிறுவனங்களின் பங்குகளை வைத்திருப்பவர்கள் கவலையோடு கேட்கிறார்கள். அவற்றில் வேலை பார்ப்பவர்கள் தயக்கத்தோடு கேட்கிறார்கள். ஆண்டுதோறும் சந்தா கட்டிச் சலித்துப்போன ஒப்பந்ததாரர்கள் சற்று ஆவலோடே கேட்கிறார்கள். அளவெடுப்பு, மதிப்பீடு என்று தொழிலைத் தொடங்கி, பிறகு நிறுவனங்களுக்கு இத்தகைய மென்பொருள்களைத் தேர்ந்தெடுத்து நிறுவிக்கொடுக்கும் வேலைக்கு வந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. ஒரு மென்பொருள் செய்யும் வேலை எவ்வளவு கடினமானது என்பதை வைத்து அதன் ஆயுளைக் கணிக்க முடியாது. கண்ணுக்கும் கைக்கும் பதிலாக உழைக்கிற மென்பொருள், எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், கரையத் தொடங்கிவிட்டது. ஒருவரையொருவர் முழுதாக நம்பாத தரப்புகளுக்கு நடுவே சாட்சியாக நிற்கிற மென்பொருள், எவ்வளவு அரதப்பழசான திரையோடு இருந்தாலும், இன்னும் நெடுங்காலம் நிற்கும்.

இந்தச் சந்தை எப்படி வளர்ந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். 1982-இல் கணினியில் வரைபடம் வரையும் ஆட்டோகேட் மென்பொருள் வெளிவந்தது. வரைபலகை மெல்ல மெல்ல அலுவலகங்களிலிருந்து மறைந்தது. 2002-இல் ரெவிட்டை ஆட்டோடெஸ்க் நிறுவனம் 13.3 கோடி டாலருக்கு வாங்கியது; கோடு வரைவதை விட்டுச் சுவர், கதவு, தளம் என்று பொருள்களாகவே கட்டடத்தின் மாதிரியை அமைக்கும் பழக்கம் அதன்பின் பரவியது. ஆனால் இத்துறை மென்பொருள்களில் பெரும்பணம் கைமாறிய ஆண்டு என்றால் அது 2018. அந்த ஆண்டில் ஆரக்கிள் அகோனெக்ஸை ஏறத்தாழ 120 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. டிரிம்பிள் வியூபாயிண்டை 120 கோடிக்கும் இ-பில்டரை 50 கோடிக்கும் வாங்கியது. ஆட்டோடெஸ்க் பிளான்கிரிடுக்கு 87.5 கோடி டாலர் கொடுத்தது. இந்த நான்கில் ஒன்றுகூட வடிவமைக்கும் கருவி அல்ல. ஒன்று ஆவணங்களை அனுப்பிப் பெறுவதற்கானது. ஒன்று ஒப்பந்ததாரரின் கணக்குகளுக்கானது. ஒன்று உரிமையாளர் தன் திட்டச் செலவைக் கண்காணிப்பதற்கானது. ஒன்று கடைசியாகத் திருத்தப்பட்ட வரைபடம் எது என்பதைத் தளத்தில் நிற்பவருக்குக் காட்டுவது. எல்லாமே பதிவேடுகள்.

இவ்வளவு பணம் கொட்டியும் துறையின் உற்பத்தித்திறன் பெரிதாக உயரவில்லை. உலகக் கட்டுமானத் துறையில் தொழிலாளர் உற்பத்தித்திறன் இருபது ஆண்டுகளாக ஆண்டுக்கு 1 சதவீதம் என்ற அளவிலேயே வளர்ந்தது என்றும், உலகப் பொருளாதாரம் முழுமைக்கும் அது 2.8 சதவீதம் என்றும் மெக்கின்சியின் ஆய்வு மையம் 2017-இல் கணக்கிட்டது. வேலையை வேகப்படுத்துகிறோம் என்று எல்லா விற்பனையாளர்களும் சொன்னார்கள். வாங்கியவர்களில் பாதிப்பேராவது அதற்காக வாங்கவில்லை என்பதே என் அனுபவம். நாளைக்கு வழக்கு என்று வந்தால் கையில் காகிதம் இருக்க வேண்டும் என்பதற்காக வாங்கினார்கள்.

முதலில் கரைந்துகொண்டிருப்பதைப் பார்ப்போம். டெண்டருக்கு வரும் வரைபடங்களிலிருந்து அளவெடுப்பது இத்துறையின் மிகப் பழைய வேலைகளுள் ஒன்று. இதற்கான மென்பொருள்கள் பிடிஎஃப் தாளைத் திரையில் விரித்துக் காட்டும். அளவுகோலை நிர்ணயித்துவிட்டு, சுவரின் இரு முனைகளையும் சொடுக்கினால் நீளம் வரும். அறையின் மூலைகளைச் சுற்றிச் சொடுக்கினால் பரப்பு வரும். கதவுக் குறியீடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டால் எண்ணிக்கை வரும். பிறகு அந்த எண்கள் எக்செலுக்கோ விலைப்பட்டியலுக்கோ போகும். சொடுக்குகிறவர் மனிதர், கூட்டிக் கணக்கு வைத்துக்கொள்வது மென்பொருள் என்ற இந்த ஏற்பாட்டில், மதிப்பீட்டாளரின் நேரத்தில் பெரும்பகுதி சொடுக்குவதிலேயே போய்விடும். ஒரு நடுத்தர மருத்துவமனைக் கட்டடத்துக்குச் சொடுக்கியவர்களின் மணிக்கட்டைக் கேட்டால் தெரியும்.

படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்தபோது இந்த வேலை உடனே போய்விடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். போகவில்லை, அதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. ஏ1 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் படமாக்கினால் ஏறத்தாழ 7 கோடிப் படப்புள்ளிகள் வரும். பொதுவான மாதிரிகள் அவ்வளவு பெரிய படத்தை அப்படியே உள்வாங்குவதில்லை, சுருக்கிவிடும். சுருக்கும்போது 1:100 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக நிற்கும் கதவுக் குறியீடும், அதன் பக்கத்தில் எறும்பு போல் ஒட்டியிருக்கும் எண்ணும் கரைந்துபோகும். தாளைச் சிறு கட்டங்களாக வெட்டிக் கொடுத்தால் கட்ட எல்லையில் நிற்கும் கதவு இரண்டு தடவை எண்ணப்படும், அல்லது எண்ணப்படாமலே போகும். அடர்த்தியாகக் கிடக்கும் ஒரே மாதிரிக் குறியீடுகளைச் சரியாக எண்ணுவதில் இம்மாதிரிகள் இன்றும் சறுக்குகின்றன.

அதைவிடச் சிக்கலானது வரைபடத்தில் எழுதாமல் விட்டது. ஏ1 தாளுக்கென 1:100 என்று குறித்த வரைபடத்தை யாரோ ஏ3 தாளுக்குச் சுருக்கி அச்சிட்டு ஸ்கேன் செய்து அனுப்பியிருப்பார். மூலையில் இன்னும் 1:100 என்றே இருக்கும். அதை நம்பி அளந்தால் நீளங்கள் பாதியாகவும் பரப்புகள் கால்பங்காகவும் வரும். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் முதல் வேலையாக ஒரு கதவின் அகலத்தையோ தூண்களுக்கிடையே எழுதப்பட்ட தூரத்தையோ அளந்து பார்த்து இதைப் பிடித்துவிடுவார். 'வேறு குறிப்பு இல்லாத இடங்களில் இதுவே பொருந்தும்' என்று ஒரு தாளில் போட்ட வரி நாற்பது தாள்களை ஆளும். கூரைத் தாளில் ஒரு விதமாகவும் கட்டமைப்புத் தாளில் வேறு விதமாகவும் காட்டப்பட்ட ஒரே விவரத்தில் எதற்கு முன்னுரிமை என்பதை வரைபடம் சொல்லாது. ஒப்பந்தத்தின் பொது நிபந்தனைகள் சொல்லும். டெண்டர் தேதிக்கு நான்கு நாள் முன்பு வந்த திருத்தத்தில் சுற்றிலும் மேகம் போன்ற கோடு வரைந்து காட்டிய மாற்றங்கள் ஒருபக்கம் இருக்க, மேகம் வரையாமலே செய்த மாற்றங்கள் இன்னொரு பக்கம் இருக்கும்.

இந்தச் சிக்கல்களையெல்லாம் எடுத்துக்காட்டி, அளவெடுப்பு மென்பொருள்களுக்கு ஆபத்தில்லை என்று அவற்றின் விற்பனையாளர்கள் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். வாதம் தவறான ஆளைக் காப்பாற்றுகிறது. மேலே சொன்ன ஒவ்வொன்றையும் பிடிப்பது மதிப்பீட்டாளரின் அனுபவம். மென்பொருள் எப்போதும் பிடித்ததில்லை. மென்பொருள் செய்தது சொடுக்குகளைச் சேகரித்ததும் வண்ணம் பூசியதும்தான். எண்ணுவதில் மாதிரிகள் முன்னேற முன்னேற அந்தப் பங்கு சுருங்கும். மாதிரி எண்ணியதைச் சரிபார்க்க ஒரு மனிதர் வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் சரிபார்ப்பதற்கு ஐந்து பேருக்கு ஐந்து உரிமங்கள் தேவைப்படாது. கட்டுமான வரைபடங்களை மட்டும் கொண்டு பயிற்றுவித்த சிறப்பு மாதிரிகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் சில காலம் முன்னணியில் இருக்கும். அந்த இடைவெளி எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

தொழில்நுட்ப விவரக்குறிப்புப் புத்தகத்தைப் படித்துப் பட்டியல் எடுக்கும் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வட அமெரிக்காவில் மாஸ்டர்ஃபார்மட் என்ற வகைப்பாடு 2004 வரை 16 பிரிவுகளாக இருந்து, பிறகு எண்கள் 50 வரை விரிந்தன; அந்த வரிசையில் அடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பக்கங்களைப் புரட்டி, எந்தப் பொருளுக்கு மாதிரித் துண்டு காட்ட வேண்டும், எதற்குச் சோதனைச் சான்றிதழ் தர வேண்டும், எதற்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று பட்டியல் போடுவது இளநிலைப் பொறியாளர்களின் தலையில் விழுகிற வேலை. உரையைப் படித்துத் தொகுப்பது பொதுவான மொழி மாதிரிகளுக்குக் கைவந்த கலை. இதை மட்டும் தனிப்பொருளாக விற்பவர்களுக்கு இனி விற்க ஒன்றும் மிச்சமிருக்காது.

இனி நிற்கப்போவதைப் பார்ப்போம். தளத்தில் ஓர் உத்தரம் போகும் இடத்திலேயே குளிர்பதனக் குழாயும் போவதாக வரைபடங்கள் காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்ததாரர் ஓர் ஆர்எஃப்ஐ, அதாவது விளக்கம் கோரும் கடிதம், எழுதுகிறார். கட்டடக் கலைஞர் அதைக் கட்டமைப்புப் பொறியாளருக்கு அனுப்புகிறார். அவர் குளிர்பதன ஆலோசகரின் பக்கம் தள்ளுகிறார். அவர் குழாயின் மட்டத்தைத் தாழ்த்தலாம் என்கிறார். அதனால் பொய்க்கூரையின் உயரம் குறைகிறது, உரிமையாளர் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை நாளும் அந்தப் பகுதியில் வேலை நிற்கிறது, கூலி ஓடுகிறது. கடைசியில் பதில் வரும்போது அது இரண்டு வாக்கியம். அந்த இரண்டு வாக்கியத்தை இன்றைய மாதிரி ஒன்று நொடியில் எழுதிவிடும். கேள்வியையும் அதுவே ஒப்பந்ததாரரைவிட அழகாக எழுதும். ஆனால் அந்தக் கடிதத்தின் மதிப்பு அதிலுள்ள வாக்கியங்களில் இல்லை. கேள்வி எந்தத் தேதியில் போனது, யார் எப்போது திறந்து பார்த்தார்கள், ஒப்பந்தத்தில் சொன்ன கெடுவுக்குள் பதில் வந்ததா, வராததால் எத்தனை நாள் கால நீட்டிப்பு கேட்க உரிமை உண்டு என்பவை அதன் மதிப்பு. அந்தத் தேதிகளை ஒப்பந்ததாரர் தன் கணினியில் மட்டும் வைத்திருந்தால் எதிர்த்தரப்பு ஏற்காது. இரு தரப்பும் நுழைகிற, இரு தரப்பாலும் பின்தேதியிட்டுத் திருத்த முடியாத பொது இடத்தில் அது பதிவாகியிருக்க வேண்டும்.

இது வெறும் பண விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு 1981-இல் கேன்சஸ் சிட்டியின் ஹயாட் ரீஜென்சி விடுதியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜூலை 17 அன்று அந்த விடுதியின் முகப்புக் கூடத்தில் தொங்கவிடப்பட்டிருந்த இரண்டு நடைபாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். மூல வடிவமைப்பின்படி கூரையிலிருந்து இறங்கும் எஃகுத் தண்டுகள் நான்காம் தளப் பாலத்தின் உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு இரண்டாம் தளப் பாலம் வரை ஒரே தண்டாகத் தொடர வேண்டும். தயாரிப்பில் வசதி கருதி அதை இரண்டு தண்டுகளாகப் பிரித்தார்கள்: மேல்பாலத்தைக் கூரையிலிருந்தும், கீழ்ப்பாலத்தை மேல்பாலத்திலிருந்தும் தொங்கவிட்டார்கள். மேல்பாலத்தின் இணைப்பு இப்போது இரண்டு பாலங்களின் எடையைத் தாங்க வேண்டியதாயிற்று. அந்த இணைப்பின் மீதான சுமை இரட்டிப்பானது. மூல வடிவமைப்பே நகரத்தின் கட்டட விதி கேட்ட வலிமைக்குக் குறைவாக இருந்தது என்பதும் விசாரணையில் தெரிந்தது. அந்த மாற்றம் ஷாப் டிராயிங்கில், அதாவது தயாரிப்பாளர் வரைந்து ஒப்புதலுக்கு அனுப்பும் விவர வரைபடத்தில், இருந்தது. அதன் மேல் பொறியாளர் நிறுவனத்தின் ஒப்புதல் முத்திரையும் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தவர் எவரும் இல்லை. பிறகு பொறியாளர்கள் தங்கள் உரிமங்களை இழந்தார்கள்.

ஷாப் டிராயிங் ஒப்புதல் என்ற இந்தச் சுற்றைத்தான் இன்றைய மென்பொருள்கள் சப்மிட்டல் என்ற பெயரில் நடத்துகின்றன. தண்டு இரண்டாகப் பிரிந்திருக்கிறது, சுமைப் பாதை மாறுகிறது என்று ஒரு மாதிரி எச்சரிக்கக்கூடும்; எச்சரித்தால் நல்லதுதான், அதற்காக நான் சந்தா கூடுதலாகக் கட்டவும் தயார். ஆயினும் முத்திரை போடுகிறவர் உரிமம் பெற்ற ஒரு மனிதராகவே இருப்பார், ஏனென்றால் உரிமத்தைப் பறிக்க ஒரு மனிதர் வேண்டும். யார், எந்தத் திருத்தத்தைப் பார்த்து, எப்போது ஒப்புதல் தந்தார் என்ற பதிவு இருக்கும்வரை அதை வைத்திருக்கும் மென்பொருளுக்கும் இடம் இருக்கும்.

பணம் கொடுக்கும் இடத்தில் இது இன்னும் கெட்டியாகிறது. அமெரிக்காவில் துணை ஒப்பந்ததாரருக்குப் பாக்கி நின்றால் அவர் கட்டடத்தின் மீதே பிணையுரிமை கோர முடியும். ஆகையால் அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக அவர் கையெழுத்துப் போட்ட பின்புதான் முதன்மை ஒப்பந்ததாரர் பணம் தர விரும்புவார். பணம் வந்த பின்புதான் அவர் கையெழுத்துப் போட விரும்புவார். இரண்டையும் ஒரே நேரத்தில் கைமாற்றிக்கொடுக்கும் நடுவராக வளர்ந்த டெக்ஸ்சுராவை 2016-இல் ஆரக்கிள் ஏறத்தாழ 66.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் திரைகளை ஒரு வார இறுதியில் நகலெடுத்துவிடலாம். ஒரு திட்டத்தின் எல்லாத் துணை ஒப்பந்ததாரர்களையும், அவர்களுக்குக் கடன் கொடுத்த வங்கிகளையும், உரிமையாளரின் வழக்கறிஞரையும் அந்த நகலுக்குள் கூட்டி வருவதற்கு எந்த மாதிரியும் உதவாது.

சாட்சி மென்பொருள்களுக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை அவற்றின் தயாரிப்பாளர்களே தேடிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தள நாட்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய வானிலை, வந்த ஆட்கள், வந்த பொருள்கள், நின்றுபோன வேலை, நின்றதற்கான காரணம் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைப்பது அதன் நோக்கம். தாமதம் குறித்த தகராறுகளில் பின்னால் எழுதிய விளக்கங்களைவிட அன்றே எழுதிய குறிப்புக்கு எடை அதிகம். இப்போது புகைப்படங்களையும் குரல்பதிவையும் கொடுத்தால் நாட்குறிப்பை மாதிரியே எழுதித் தரும் வசதியை விற்பனையாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு சேர்க்கிறார்கள். மாலையில் களைத்துப்போன மேற்பார்வையாளருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அப்படி எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துப் பாருங்கள்: 'மூன்றாம் தளத்தில் தளக் கம்பி கட்டும் பணி திருப்திகரமாக முன்னேறியது' என்பது போன்ற வாக்கியங்கள் வரும். திருப்திகரமாக என்று யார் சொன்னார்கள்? புகைப்படத்தில் கம்பி தெரிந்தது, அவ்வளவுதான். கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்தி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் கம்பி பலகையிலேயே படிந்து கிடந்ததை மேற்பார்வையாளர் பார்த்திருப்பார். குரல்பதிவில் சொல்ல மறந்திருப்பார். தயாராக வந்த வாக்கியத்தைப் பார்த்ததும் ஒப்புதல் பொத்தானை அழுத்திவிடுவார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருநாள் இந்த வாக்கியத்தை எழுதியவர் எதைக் கண்ணால் பார்த்தார் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தராத நாட்குறிப்பு சாட்சி என்ற தகுதியை இழக்கிறது. தகுதி போனால் அந்த மென்பொருளும் சாதாரணப் படிவமாகிவிடும். மனிதர் சொன்னது எது, மாதிரி ஊகித்தது எது என்பதை வரிக்கு வரி பிரித்துக் காட்டும் நிறுவனத்துக்கு எதிர்காலம் உண்டு என்பேன். அப்படிக் காட்டுவது திரையை அசிங்கமாக்கும் என்பதால் பெரும்பாலானவர்கள் தவிர்க்கிறார்கள்.

இன்னொரு விளைவையும் கவனித்து வருகிறேன். கடிதம் எழுதும் செலவு குறைந்ததால் கடிதங்கள் பெருகுகின்றன. முன்பு ஒரு கோரிக்கையைத் தொகுக்க ஒருவர் வாரக்கணக்கில் கோப்புகளைத் தோண்ட வேண்டியிருந்ததால், சிறு விஷயங்களை ஒப்பந்ததாரர்கள் விட்டுவிடுவார்கள். இன்று ஒவ்வொரு சிறு தாமதத்துக்கும் ஒப்பந்தப் பிரிவு எண்களோடு கூடிய கச்சிதமான அறிவிப்பு வருகிறது. பெறுகிறவரும் மாதிரியைக் கொண்டே பதில் எழுதுகிறார். இரண்டு பக்கமும் இயந்திரங்கள் கடிதம் எழுதிக்கொள்ளும்போது, எது போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லும் பதிவேட்டின் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

விலை வைக்கும் முறைக்கு வந்தால் நிலைமை வேறு. தலைக்கு இவ்வளவு என்று உரிமம் விற்பவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு நேரடியாகவே அடி கொடுக்கும், ஏனென்றால் பத்துப் பேர் திறந்து பார்த்துக்கொண்டிருந்த திரையை இனி இரண்டு பேரும், சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஒரு முகவர் நிரலும் பார்த்துக்கொள்ள முடியும். கட்டுமானத் திட்டங்களை நிர்வகிக்கும் மென்பொருளை விற்கும் ப்ரோகோர் நிறுவனம் ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காமல், ஒப்பந்ததாரர் ஆண்டுக்கு எவ்வளவு மதிப்புள்ள கட்டுமானம் செய்கிறார் என்பதை வைத்து விலை பேசிவந்தது. அதை வாடிக்கையாளர்கள் பல காலமாகத் திட்டியிருக்கிறார்கள். சிமெண்ட் விலை ஏறினால் மென்பொருள் விலையும் ஏறுகிறது என்று அலுத்துக்கொள்வார்கள். தற்செயலோ தொலைநோக்கோ, ஆட்கள் குறைந்தாலும் வருமானம் குறையாத முறை அது. துறை சுருங்கினால் மட்டும் அதுவும் சுருங்கும்.

கணக்கிடும் எந்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1950-களின் கடைசியில் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான, எந்த வேலைகள் தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகும் என்று கணக்கிடும் முக்கியப் பாதை முறையைத்தான் இன்றும் கால அட்டவணை மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன. கட்டமைப்பு ஆய்வு மென்பொருள்கள் சமன்பாடுகளைத் தீர்க்கின்றன. ஒரே உள்ளீட்டுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே விடை வர வேண்டிய இடம் இது; நிகழ்தகவை வைத்துச் சொல் கோக்கும் மொழி மாதிரி அந்த இடத்தில் உட்காராது, எந்திரத்தை இயக்கும் கையாக மட்டும் இருக்கும். எந்திரம் நிலைத்து நிற்கும். மெனுக்களையும் பொத்தான்களையும் கற்றுக்கொண்டதனால் மட்டும் வேலை பெற்ற நிபுணர்களின் நிலையும், அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துபவர்களின் நிலையும் அவ்வளவு உறுதியாக இல்லை.

சரி, ஒப்பந்ததாரர்களே நிரலெழுதும் மாதிரிகளைக் கொண்டு தங்களுக்கு வேண்டிய மென்பொருளைச் செய்துகொள்வார்களா? செய்கிறார்கள். சரிபார்ப்புப் பட்டியல், பாதுகாப்புக் கூட்டத்தின் வருகைப் பதிவு, வாடகை இயந்திரங்களின் கணக்கு போன்ற சின்னச் சின்னச் செயலிகளை ஒரு திறமையான தளப் பொறியாளர் சில மாலைகளில் உருவாக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இவற்றுக்குத் தனித்தனியே சந்தா வாங்கிவந்த சிறு நிறுவனங்கள் பயப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பொறியாளர் அடுத்த திட்டத்துக்கு மாற்றலானதும் அந்தச் செயலி அனாதையாகிறது. அடித்தளக் குழியில் அலைபேசி இணைப்பு இல்லாதபோது எடுத்த படங்கள் மேலே வந்ததும் எந்தத் திருத்தத்தோடு சேர வேண்டும், ஒரே படிவத்தை இருவர் இணைப்பில்லாமல் திருத்தியிருந்தால் எது நிற்க வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை காண்பதில்தான் பழைய நிறுவனங்களின் பத்தாண்டு உழைப்பு போயிருக்கிறது. அது விளம்பரப் படங்களில் தெரியாது. வெளியிலிருந்து வந்து இத்துறையையே புரட்டிப்போடுவோம் என்றவர்களின் கதைகளில் பெரியது, கட்டடப் பகுதிகளைத் தொழிற்சாலையில் செய்து கட்ட முயன்ற காட்டெரா: 2015-இல் தொடங்கி, ஏறத்தாழ 200 கோடி டாலர் முதலீடு திரட்டி, 2021 ஜூனில் திவால் மனு கொடுத்தது. அது மென்பொருள் நிறுவனம் மட்டும் அல்ல என்பதால் ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது; இருந்தாலும் துறையின் மூர்க்கத்தைக் குறைத்து எடைபோட்டவர்களின் பட்டியலில் அதற்கு இடமுண்டு.

உண்மையான சண்டை தரவுக்குப் போகும் வாசலில் நடக்கும் என்று நினைக்கிறேன், அது தொடங்கியும்விட்டது. வாடிக்கையாளர் தன் சொந்த முகவர் நிரலைக் கொண்டு பத்தாண்டுக் கால ஆர்எஃப்ஐகளையும் விலைகளையும் படிக்க விரும்புகிறார். அவை இருப்பதோ மென்பொருள் நிறுவனத்தின் கிடங்கில். இந்த இழுபறி புதிதல்ல. ஆட்டோகேடின் கோப்பு வடிவத்தை வெளியார் படிக்கும் உரிமைக்காக 1998-இலேயே ஒரு கூட்டமைப்பு உருவானது. கட்டட மாதிரிகளுக்கான திறந்த வடிவமான ஐஎஃப்சி 2013-இல் ஐஎஸ்ஓ 16739 என்ற தரநிலையாக வந்தது. ரெவிட்டின் விலை ஏறுகிற வேகத்துக்கு அதன் தரம் ஏறவில்லை என்று 2020-இல் கட்டடக்கலை நிறுவனங்கள் கூட்டாக ஆட்டோடெஸ்குக்குத் திறந்த கடிதமே எழுதின. அப்போது அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. கோபப்பட்டார்கள், சந்தாவைப் புதுப்பித்தார்கள். இனி, கிடங்கிலிருந்து தரவை எடுக்க முடிந்தால், அந்தத் திரைக்குள் நுழையாமலே பாதி வேலையை முடித்துக்கொள்ள முடியும். இது நிறுவனங்களுக்கும் தெரியும். ஆகவே ஏபிஐ, அதாவது வெளி நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் இணைப்பு, வழியாக எடுக்கும் தரவுக்குத் தனிக்கட்டணம், வேகக் கட்டுப்பாடு, மூன்றாம் தரப்பு முகவர்களுக்குத் தடை என்று வாசலை ஒடுக்கும் ஆசை அவர்களுக்கு எழும்.

இதனால் சந்தா புதுப்பிக்கும் பேச்சுவார்த்தைகளில் நான் வலியுறுத்துவது மாறியிருக்கிறது. அளவெடுப்பு, ஆவண வாசிப்பு போன்றவற்றுக்கு ஓராண்டுக்கு மேல் ஒப்பந்தம் வேண்டாம் என்கிறேன்; மூன்றாண்டுக்குக் கட்டினால் தரும் தள்ளுபடி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் சரி. பதிவேட்டு மென்பொருள்களுக்கு நீண்ட ஒப்பந்தத்தை எதிர்ப்பதில்லை, ஆனால் வெளியேறும் பிரிவை முதலில் படிக்கச் சொல்கிறேன். பெரும்பாலான வரைவுகளில் ஆவணங்களை பிடிஎஃப்களாகத் திருப்பித் தருவோம் என்று இருக்கும். யார் எப்போது திறந்தார், யார் எதைத் திருத்தினார் என்ற நிகழ்வுப் பதிவைப் பற்றிப் பேச்சே இருக்காது. அண்மையில் ஒரு வரைவில், வாடிக்கையாளர் சார்பாக இயங்கும் எந்தத் தானியங்கி நிரலும் தனிப் பயனராகக் கருதப்பட்டுக் கட்டணம் வசூலிக்கப்படும் என்று ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது. ஏன் என்று கேட்டோம். விற்பனைப் பிரதிநிதி சட்டத் துறையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து வந்த அடுத்த வரைவில் அந்த வரி இல்லை, ஏபிஐ கட்டணம் மட்டும் சற்று உயர்ந்திருந்தது.